வியாழக்கிழமை எண்கள்

...டாக்டர் மிர்த்தா அகுவாயோ, கதவுக்கு முதுகைக் காட்டி, ஒரு கால் ஆடும் வெள்ளை நாற்காலியில். அவருக்கு இடப்பக்கம், தடுப்பூசிப் பெட்டி வைக்கும் மேசையில், கணக்குப் போடும் லிசாந்த்ரோ, கணினியோடு. ஜன்னலுக்குக் கீழே நீள பெஞ்சில், மடியில் சிப்பா ரொட்டிக் கூடையுடன், மரியாதைக்கு ஊரே ஞா என்று அழைக்கும் பஸிலியா, அக்கரை வீடுகளின் சார்பில். கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியில், கால் வீக்கம் காரணமாக, தோன் எலிஹியோ, இக்கரை வீடுகளின் சார்பில். எடை பார்க்கும் கருவிக்கு அருகில் நான், பாதி நேரம் நின்றபடி... நின்றதையும் எழுத வேண்டுமா, எழுதலாம், யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் வைத்துவிட்டால் மிச்சம் தானாக வரும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கினார்கள், ஆனால் இன்றைக்கு மிச்சம் வரவில்லை, எர்மெலிந்தா பேனாவை மூடி மறுபடி திறந்தாள். மணி ஒன்று. ஊர் முழுக்க மதியத் தூக்கத்தில் கிடந்தது, கோழிகள்கூட மரவள்ளிச் செடியின் நிழலில் கண்ணை மூடியிருந்தன, டாக்டர் கூட்டம் முடிந்ததும் தலைநகர் அசுன்சியோனுக்குத் திரும்பிவிட்டார், நாலு மணிக்கு அசுன்சியோன் பஸ் சாலை முனையில் நிற்கும், அதற்குள் முடிக்க வேண்டும், திங்கட்கிழமை அறிக்கை அமைச்சகத்துக்குப் போகிறது என்றார் டாக்டர். அலைபேசியில் ஒரு வரி பேசினால் போதாதா... போதாது. முதல் நாள் பயிற்சியிலேயே டாக்டர் சொன்னது அது, ஆய்வில் பிசகு நடந்தால் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், பிசகு நடப்பது குற்றமில்லை, எழுதாமல் விடுவதுதான் குற்றம். பிசகுக்கென்று தனிப் படிவம் கொடுத்திருந்தார்கள், பத்துத் தாள், மூன்று வருடத்தில் ஒன்றைக்கூட அவள் நிரப்பவில்லை, பெருமையாக அலமாரியில் வைத்திருந்தாள், கறையான் தின்றுவிட்டது. ஆகவே கோடு போட்ட வெறும் தாள்.

இரண்டாவது பத்தியில் என்ன ஆய்வு என்று எழுதத் தேவையில்லை, டாக்டருக்குத் தெரியாததா, ஆனாலும் எழுதினாள், வரிசை தப்பக் கூடாது. எட்டு ஊர்கள். ஒவ்வொரு ஊரையும் ஓடையோ சாலையோ இரண்டாகப் பிரிக்கும் இடத்தில் பிரித்து, தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். ஒரு பாதிக்கு வாராவாரம் வீட்டுக்கே ஆள் போகும், ரத்த அழுத்தம் பார்க்கும், மாத்திரை எண்ணும், உப்பைப் பற்றியும் நடப்பதைப் பற்றியும் பேசும். மறு பாதிக்கு அதே மாத்திரைதான், ஆனால் சுகாதார நிலையத்துக்குத் தாங்களே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகரத்து நர்ஸ் வந்து அளந்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். இங்கே சீட்டு அக்கரைக்கு விழுந்தது. வாராவாரம் வியாழனன்று போகிற ஆள் எர்மெலிந்தா, வீடு இக்கரையில். ஒரு பாதிக்குக் கொடுத்து மறு பாதிக்குக் கொடுக்காமல் இருப்பது என்ன நியாயம் என்று அன்றைக்குப் பஸிலியா சண்டைக்குப் போனாள், தன் பக்கம் சீட்டு விழுந்தும் போனாள். டாக்டர் கோபப்படவில்லை. "வாராவாரம் ஆள் போறது நல்லதா இல்லையான்னு எனக்கே தெரியாது, ஞா பஸிலியா. தெரிஞ்சிருந்தா எல்லாருக்கும் அனுப்பியிருப்பேன். தெரியாததாலதான் சீட்டு." அந்தப் பதிலை எர்மெலிந்தா வீட்டுக்கு எடுத்துவந்து பல நாள் வைத்துக்கொண்டிருந்தாள்... பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், நாலு மொழி படித்தவர், ஊர்ச் சனத்துக்கு முன்னால் தெரியாது என்கிறார், சொல்லும்போது குரலில் ஒரு கூச்சமும் இல்லை. அவள் கணவர் நாற்பத்தொன்பது வயதில் மாட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார், அதுவரை யாரும் அவர் கையில் பட்டையைச் சுற்றி அளந்ததில்லை, அன்றைக்கு வந்த டாக்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, முன்னாடியே கூட்டிவந்திருக்க வேண்டும் என்றார், எப்போது முன்னாடி, எதற்கு முன்னாடி... தெரியாது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று. இன்று காலை லிசாந்த்ரோ கணினியைத் திருப்பிக் காட்டினான், எட்டு ஊருக்கும் சேர்த்து. "அக்கரை மாதிரி இருக்கிற பாதில ரத்த அழுத்தத்தோட மேல் எண் சராசரியா பதினொண்ணு குறைஞ்சிருக்கு. நல்ல விஷயம். ஆனா ஆள் போகாத பாதிலயும் ஒன்பது குறைஞ்சிருக்கு. நடுவுல ரெண்டுதான் வித்தியாசம். ரெண்டுங்கிறது சும்மாவே வரும்." பஸிலிதான் முதலில் பேசினாள், வழக்கம் போல. "அப்போ மூணு வருஷமா இவ செருப்பு தேஞ்சதுதான் மிச்சமா? ஏண்டி எர்மி, நீ வர்றதுக்காக நான் வீடு கூட்டினேனே, அதுக்கு யாரு பதில் சொல்றது?" எல்லோரும் சிரித்தார்கள், எலிஹியோ தொடையில் தட்டிச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். "செருப்புக்கும் துடைப்பத்துக்கும் நான்தான் பொறுப்பு." பிறகு, "இக்கரைல இந்த மூணு வருஷத்துல புதுசா ஏதாவது நடந்ததா? மருந்துக்கடை வந்ததா, வேற வைத்தியர் யாராவது, ரேடியோல நிகழ்ச்சி..." என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "எங்க பக்கம் என்ன டாக்டரம்மா நடக்கும்? ஓடை பெருகும், வடியும்," என்றார் எலிஹியோ. எர்மெலிந்தாவும் யோசித்துப் பார்த்தாள், உண்மையாகவே யோசித்தாள், இல்லை என்று தலையாட்டினாள். டாக்டர் லிசாந்த்ரோ பக்கம் திரும்பினார். "சரி. நாம நினைச்சது நடக்கல. அப்படியே எழுதுவோம். நடக்கலைங்கிறதும் கண்டுபிடிப்புதான்." முகம் மாறவில்லை, ஏழு வருட உழைப்பு, முதல் நாலு வருடம் அனுமதிக்கே அலைந்தாராம், வேறு ஒருவராக இருந்தால் அந்த ரெண்டைக் கொஞ்சம் பெரிதாகக் காட்ட வழி தேடியிருப்பார், இவர் பஸிலி கொடுத்த சிப்பாவை வாங்கிக்கொண்டார், நன்றாக இருக்கிறது என்றார், ஆனால் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, விரல்கள் அதைப் பிய்த்துக்கொண்டே இருந்தன, மடியெல்லாம் துகள்... துகளைப் பார்த்தவள் எடைக் கருவிக்குப் பக்கத்தில் இருந்த தான் மட்டும்தானோ. இதைக் கடிதத்தில் எழுதக் கூடாது. எழுதவில்லை.

நான்கு, இங்கேதான் பேனா நின்றது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், மண் சாலையில் வெயில் சிவப்பாகத் தகித்தது, லிசாந்த்ரோ மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்த எலிஹியோ தன் வீட்டு வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "எர்மி, இன்னைக்கு வியாழன் இல்லதான். இருந்தாலும் வந்து உக்காரு, தண்ணி குளுகுளுன்னு இருக்கு." அவள் கையிலிருந்த பையைக் கழற்றி வேலிக்கு வெளியே பூக்கும் லப்பாச்சோ மரத்தின் தாழ்ந்த கிளையில் மாட்டினாள், எப்போதும் மாட்டுகிற கிளை, பையின் வார் உரசி உரசிப் பட்டை வழவழப்பாகியிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தாள். அவர் மாட்டுக் கொம்புக் கோப்பையில் இலைத்தூள் போட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றி உறிஞ்சுகுழலை அவள் பக்கம் திருப்பி நீட்டினார், அவள் உறிஞ்சினாள், திருப்பிக் கொடுத்தாள், அவர் தனக்கு ஊற்றிக்கொண்டார், மறுபடி அவளுக்கு... மூன்றாவது சுற்றில், தெரெரெ பானத்தின் புதினாக் குளிர்ச்சி தொண்டையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த வழவழப்பான கிளையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன எர்மி, பேய் கண்டவ மாதிரி பாக்குற, என்றார் அவர். ஒன்றும் நடக்கவில்லை என்று காலையில் சொன்னோமே அண்ணே, என்றாள் அவள், இது என்ன?

என்ன என்று அவருக்கும் புரியவில்லை, அதை என்னவென்று சொல்வது, அது ஒரு செயலா, மூச்சு விடுவது போல. அக்கரையில் வேலை முடித்துப் பாலத்தைக் கடந்தால் அவள் வீட்டுக்கு வரும் வழியில் இக்கரை வீடுகள் பதினொன்று. வேலிக்கு வேலி ஆள் இருக்கும். யாராவது கை தட்டிக் கூப்பிடுவார்கள், எர்மி, உக்காந்துட்டுப் போ. நீட்டிய கோப்பையை வேண்டாம் என்று தாண்டிப் போனால் அது முகத்தில் அறைவது போல, ஒரு வருடத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. ஆனால் விதி விதிதான், இக்கரைக்கு வைத்தியம் பேசக் கூடாது, ஆகவே பை வெளியே, வாய்க்குப் பூட்டு. வியாழனுக்கு மூன்று வீடு, நாலு வீடு, கடைசியாக எப்போதும் எலிஹியோ வீடு. ஒருநாள் அவர், இந்த வெள்ளை மாத்திரைய காலைல போடணுமா ராத்திரியா எர்மி, என்று கேட்டார், எனக்குச் சொல்ல அனுமதி இல்லண்ணே, நிலையத்துல கேளுங்க, என்றாள். அன்றிலிருந்து இக்கரையில் அவளுக்கு ஊமைச்சி என்று பேர், வேலிக்கு வேலி கேலி, ஊமைச்சி வந்தாச்சு, எல்லாரும் மாத்திரைய ஒளிச்சு வைங்க. எலிஹியோ மட்டும் ஒளிக்கவில்லை. அடுத்த வியாழன் மாத்திரை அட்டை கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கடுத்த வியாழன் துவைத்த சட்டை. அவள் உட்கார்ந்ததும் ஒரு மாத்திரையைப் பிதுக்கி, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார், அவள் மாத்திரையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, மழை வருமா என்றாள், வராது என்றார். மூன்று வருடம் முன்னால் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கியவர், இதயம் பெருத்துப்போச்சு என்று வைத்தியர்கள் சொல்லிவிட்ட மனிதர், இப்போது வேலி வரை தானே வந்து நிற்கிறார். அவள் ஊமையாகத்தானே இருந்தாள். விதியை மீறவே இல்லையே. மீறினாளா? ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து ஒன்றுமே சொல்லாமல் எழுந்து வருவது வைத்தியமா... அப்படியென்றால் அக்கரையில் அவள் இவ்வளவு பேசினாளே, உப்பு உப்பு என்று, அது என்ன? பஸிலி அவள் பேச ஆரம்பித்ததும் சிப்பா மாவைப் பிசைந்துகொண்டே, சொல்லு சொல்லு, என் காது மட்டும் சும்மாத்தான் இருக்கு, என்பாள். அவளுக்கும் பதினொன்று குறைந்தது.

நான்கு, என்று போட்டு எழுதினாள். கடந்த மூன்று வருடங்களில், வியாழக்கிழமைகளில், பணி முடிந்த பின், இக்கரையின் பதினொரு வீடுகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வைத்தியம் பேசவில்லை. பை வெளியே மாட்டப்பட்டிருந்தது. இதைப் பணி என்று நினைக்காததால் பதிவேட்டில் எழுதவில்லை, காலையில் தாங்கள் கேட்டபோதும் நினைவுக்கு வரவில்லை. எழுதியதைப் படித்தாள். இது போனால் என்ன ஆகும்... லிசாந்த்ரோ சொல்வான், இக்கரை கெட்டுப்போச்சு, இந்த ஊரையே தூக்கிப் போடுங்கள். பஸிலியின் மூன்று வருடம், எலிஹியோவின் மூன்று வருடம், நர்ஸிடம் நீட்டிய கையெல்லாம், குப்பை. அந்தத் துகள்... இன்னும் கொஞ்சம் துகள். போகாவிட்டால்? திங்கட்கிழமை அமைச்சகத்தில் படிப்பார்கள், வாராவாரம் ஆள் போவதால் பயனில்லை, எட்டு ஊரிலும் எட்டுப் பேரின் நடை நிற்கும், அடுத்த வருடம் வரவிருந்த ஊர்களுக்கு வராது. வராத ஊர் ஒன்றில் யாரோ ஒருவன் மாட்டைக் கட்டிக்கொண்டிருப்பான். எட்டு ஊர்... பேனா தாளை விட்டு எழுந்தது. எட்டு ஊரிலும் ஒன்பது குறைந்தது என்றானே. இந்த ஊரில் மட்டும் இல்லை. மற்ற ஏழு நடையாளர்களும் வீடு திரும்பும் வழியில் வேலிகளைத் தாண்டித்தானே போக வேண்டும், அவர்களுக்கும் கோப்பை நீட்டப்பட்டிருக்கும்தானே, அவர்களில் யார்தான் வேண்டாம் என்றிருப்பார்கள், டாக்டர் கேட்டபோது அவர்களும் யோசித்து, உண்மையாகவே யோசித்து, இல்லை என்று தலையாட்டியிருப்பார்கள். ஐந்து, என்று எழுதினாள், இப்போது கை வேகமாக ஓடியது. மற்ற ஊர்களிலும் விசாரிக்க வேண்டுகிறேன். ஏதாவது நடந்ததா என்று கேட்காதீர்கள். போகிற வழியில் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேளுங்கள்.

இதை எழுதப் போகிறேன் என்று எலிஹியோவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். அவர் கோப்பையிலிருந்த இலைத்தூளைத் தட்டிக் கொட்டினார். "எழுதினா வியாழன் வர விட மாட்டாங்களே." "தெரியலண்ணே." "டாக்டரம்மா மாதிரி பேசுற, தெரியல தெரியலன்னு." பிறகு, அவள் மரக்கிளையிலிருந்து பையை எடுக்கும்போது, உள்ளேயிருந்து குரல் வந்தது, "எழுதாதேன்னு சொல்லல தங்கச்சி. மெதுவா எழுதுன்னு சொல்றேன்." அவள் சிரித்துவிட்டாள், வீடு வரை சிரிப்பு வந்தது, கதவைத் திறந்ததும் போய்விட்டது. மனுசன் எழுதாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது எழுதியிருக்கலாம்.

ஆறு, எந்தெந்த வியாழன் என்று தேதியோடு வேண்டும், தேதி இல்லாத ஒப்புதல் புலம்பல். பதிவேட்டில் இல்லை, ஆனால் கருவிச் சோதனை நோட்டு இருந்தது, வேலைக்குப் புறப்படும் முன் ஒருமுறை, வீடு திரும்பி ஒருமுறை, கருவி சரியாக இருக்கிறதா என்று தன் கையிலேயே சுற்றி அளந்து எழுத வேண்டும், அதுவும் விதி, அவளுக்கும் அழுத்தம் உண்டு, அதே வெள்ளை மாத்திரைதான், வேலைக்கு இருப்பவள் என்பதால் ஆய்வில் சேர்க்கவில்லை. திரும்பி வந்த நேரத்தைப் பார்த்தால் எத்தனை வீட்டில் உட்கார்ந்தாள் என்பது தெரியும், மூன்று மணி என்றால் ஒரு வீடு, ஐந்து என்றால் நாலு. பிரித்துத் தாளில் இறக்கினாள். காலை நூற்று நாற்பத்தெட்டு, மாலை நூற்று முப்பத்தாறு. காலை நூற்று ஐம்பது, மாலை நூற்று முப்பத்தேழு. காலை நூற்று நாற்பத்தாறு, மாலை நூற்று முப்பத்தாறு... முதலில் கவனிக்கவில்லை, கை இறக்கிக்கொண்டே போனது, இரண்டாவது பக்கத்தில்தான் நின்றாள். மாலையில் எப்போதும் குறைவு. ஓடை பெருகிப் பாலம் முழுகிய அந்த ஐந்து வாரம் தவிர, அப்போது இக்கரைச் சாலையும் சேறு, யாரும் வெளியே தலை காட்டவில்லை, அவள் வீட்டுக்குள்ளேயே இருந்து விதிப்படி காலையும் மாலையும் அளந்தாள், காலை நூற்று நாற்பத்தெட்டு, மாலை நூற்று நாற்பத்தொன்பது, காலை நூற்று ஐம்பது, மாலை நூற்று ஐம்பத்திரண்டு. அடக் கடவுளே, கருவியிலும் கோளாறா, மூன்று வருடம் பழுதான கருவியை வைத்தா அளந்தேன்... ஒரு பிசகை ஒப்புக்கொள்ள உட்கார்ந்தால் இன்னொன்று. ஏழு, என்று போட்டாள், மனசு கனக்க. மாலையில் கருவி எண்களைக் குறைத்துக் காட்டுவதாகத் தெரிகிறது. காரணம் எனக்குத் தெரியவில்லை. கருவியைப் பரிசோதிக்க வேண்டுகிறேன். நோட்டை இணைத்துள்ளேன். கீழே கையெழுத்து, முழுப் பெயர், எர்மெலிந்தா ஃப்ளெய்த்தாஸ், எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல்.

மரவள்ளி மாவைச் சிறு கிண்ணத்தில் சூடாகக் கிண்டி, உறையின் வாயில் விரலால் தடவி, மேலே நோட்டுத் தடிப்பு துருத்திக்கொண்டிருக்க, அரிசி டப்பாவை அதன்மேல் வைத்தாள், நாலு மணிக்குப் பத்து நிமிடம். உலர்ந்ததா என்று பார்க்க நேரமில்லை. சாலை முனைக்கு நடக்கும்போது எலிஹியோ வீட்டு வேலியைத் தாண்ட வேண்டும், அவர் இன்னும் தூக்கத்தில் இருக்க வேண்டும், கதவு சாத்தியிருந்தது, தாண்டினாள், முதல் தடவையாக அந்த வேலியை, அவர் கூப்பிடக் கூடாதே என்று தாண்டுகிறாள், வெறும் காலோடு நடப்பது போல் இருந்தது. பஸ் வந்தது, கூரைமேல் பூசணிக்காய் மூட்டை, ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி உறையை வாங்கி எடை பார்த்தார். "என்ன ஞா எர்மி, இவ்ளோ தடியா இருக்கு? யார் மேல புகார்?"

"என் மேல."

"அப்போ பத்திரமாத்தான் கொண்டு போகணும்," என்று சொல்லி உறையைக் கண்ணாடிக்கு முன்னால், கன்னி மாதா படத்துக்கும் தன் கோப்பைக்கும் நடுவில் செருகினார். "டாக்டர் கைலயே குடுத்துடுறேன். அந்தம்மா ஒருதடவை இந்த பஸ்லயே எனக்கு அளந்து பாத்துச்சு, ஓட்டாதய்யா கொஞ்ச நேரம் நிறுத்துன்னு." பஸ் உறுமி நகர்ந்தது. சிவப்புத் தூசி எழுந்து அவள் முழங்கால் வரை வந்து அடங்கியது. போயிற்று, ஏழு பத்தியும் போயிற்று, டாக்டர் படிப்பார், முகம் மாறாது, யோசிப்பார், லிசாந்த்ரோவைக் கூப்பிட்டுக் கணக்கைத் திருப்பிப் போடச் சொல்வார், கருவியை வரவழைத்து மேசையில் வைத்து ஆராய்ந்து பார்ப்பார்... பழுதான கருவியை. பழுது. ஆனால் வெள்ளத்தின் ஐந்து வாரமும் அதே கருவிதானே. அதே பட்டை, அதே கை, அதே மேசை, மாலையில் குறைத்துக் காட்டுகிற கருவி அந்த ஐந்து வாரம் மட்டும் எப்படிக் குறைக்காமல் இருந்தது? சேற்றுக்குள் அவள் மட்டும் தனியாக, கோப்பையைத் தானே ஊற்றித் தானே குடித்த மாலைகள்... அவள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள், பிறகு நின்றாள். எலிஹியோ துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அந்த வியாழக்கிழமைகளில் யார் யாரைப் பார்க்கப் போனது? கூப்பிட்டுச் சொல்லலாம், ஏழாவது பத்தி தப்பு டாக்டரம்மா, கருவியில் ஒன்றுமில்லை என்று, பஸ் வளைவில் திரும்பிவிட்டது, தூசி மட்டும் இருந்தது. பதினொரு வீடுகள் என்று அவ்வளவு நிச்சயமாக எழுதிவிட்டாளே... பாலத்திலிருந்து வந்தால் எலிஹியோ வீட்டுக்கு அடுத்ததாக, இக்கரையில், இன்னும் ஒரு வீடு இருக்கிறதே, அவளுடையது, அதை எண்ணவே இல்லையே...